கழித்தல் கணக்கு

எஸ்ட்கோர்ட் கூட்டுறவுக் கடையில்
குடற்புழு மருந்து லிட்டரில்தான் வரும்.
எனக்கு வேண்டியது ஏழு ஆட்டுக்கு.
ஃபானி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டான்:
"எழுநூறா?"
இல்லையப்பா, ஏழு.
விரல்விட்டு எண்ணினாலும் மூன்று விரல் மிச்சம்.
அவன் சிரிக்கவில்லை.
அதற்காகவே அடுத்த முறையும் அங்கேதான் போவேன்.

காலணி ஆலையைச் சாத்தியபோது
கையில் கொடுத்த பணத்தில் வாங்கியவை.
கறுத்த தலை, வெளுத்த உடம்பு, டார்ப்பர்.
இருபத்தாறு வருஷம் தோல் தைத்த கைக்கு
தோல் இத்தனை சூடாக இருக்கும் என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.
விற்றவன் பல்லைப் பிதுக்கிக் காட்டினான்,
காலைத் தூக்கிக் காட்டினான்.
வயிற்றுக்குள் இருப்பதைப் பற்றி
அவனும் சொல்லவில்லை,
கேட்க எனக்கும் தெரியவில்லை.

காவடி முடிந்த மறுவாரம், விடாத மழை.
ஒருத்திக்குத் தாடைக்குக் கீழே
தண்ணீர்ப் பை போல வீங்கித் தொங்கியது.
அரசாங்க ஆள் புதன்கிழமை வருவார்,
இந்தப் புதன் வரமாட்டார், வண்டி பழுது.
டாக்டரம்மா போனில் சொன்னார்:
"நேரில் பார்க்காமல் எழுதித் தர முடியாது."
நியாயம்தான்.
நியாயத்துக்குக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று
ஒரு விலை இருந்தது.
கூட்டிப் பார்த்தேன்.
ஆட்டின் விலையைத் தாண்டி
அரை ஆடு போனது.

வேலிக்கு அந்தப் பக்கம் ந்தோம்பி ஸொண்டி.
நான்கு ஆடு, ஒரு சண்டைக்காரச் சேவல்.
ஒன்றும் பேசாமல் வந்து
கட்டை விரலால் ஆட்டின் கீழிமையை இழுத்தாள்.
உள்ளே சிவப்பு இருந்தால் விட்டுவிடு என்றாள்.
இது சிவப்பில்லை. ரோஜாவும் இல்லை.
துவைத்துத் துவைத்து வெளுத்த துணியின் உட்புறம்.
மூன்றாவது பிரசவத்துக்குப் பின்
கிளினிக் நர்ஸ் என் இமையையும் இப்படித்தான் இழுத்தாள்.
இரும்பு மாத்திரை தந்து அனுப்பினாள்.
பாதியை நான் விழுங்கவில்லை.

லிட்டரை நான்கு வீடு சேர்ந்து வாங்கினோம்.
நான், ந்தோம்பி,
பெருநாளுக்குக் கிடா வளர்க்கும் யூசுப்,
கோயில் தெருப் பூபாலன்.
பூபாலன் சர்பத் பாட்டிலில் பங்கு ஊற்றப் போனான்.
ந்தோம்பி அவன் கையில் ஓர் அடி வைத்தாள்.
"உன் பேரப்பிள்ளைக்கு வாசிக்கத் தெரியுமா?"
அதன்பின் புட்டி மூடியோடு வீடு வீடாக நடந்தது,
ரப்பர் வளையத்தில் கட்டிய பள்ளி நோட்டோடு.
யார் ஆடு, எந்தத் தேதி, எத்தனை கிலோ, எத்தனை மில்லி.

கிலோவுக்கு எங்கே போவது?
குளியலறைத் தராசைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து
ஆட்டைக் கட்டியணைத்து ஏறினேன். நூற்றிரண்டு.
இறக்கிவிட்டு ஏறினேன். எழுபத்தொன்று.
என்னைக் கழித்தால் ஆடு.
அது என் சட்டைப் பொத்தானை மென்றது.
ந்தோம்பியின் மகன் சாண்டிலே குனிந்து எழுதிக்கொண்டான்.
ஊசியில்லாக் குழாயைக் கடைவாயில் நுழைத்து
மெதுவாக, மெதுவாக என்று
யாருக்கோ சொல்லிக்கொண்டே அழுத்தினேன்.

சனிக்கிழமை ஒருவர் வந்தார்.
மாரியம்மன் பூசைக்கு ஆடு வேண்டுமாம்,
காசு கையோடு.
புட்டியைத் திருப்பிப் படித்தேன்.
எறும்பு எழுத்து: இத்தனை நாளுக்கு
இறைச்சிக்கு ஆகாது.
"அம்மன் கோபிக்கமாட்டாள்" என்றார்.
சாப்பிடப்போவது அம்மன் இல்லையே என்றேன்.
கார்க் கதவை ஓங்கிச் சாத்திவிட்டுப் போனார்.
அந்தப் பணம்
இரண்டு மாத மின்கட்டணம்.

வீங்கிய தாடைக்காரி திங்கள் காலை எழவில்லை.
மருந்து தாமதமா, அளவு குறைவா,
முதலிலேயே முடிந்த கதையா,
எனக்குத் தெரியாது.
ந்தோம்பியும் தெரியாது என்றாள்.
மண்வெட்டியை மட்டும் கொண்டுவந்தாள்.

இரவு நோட்டைப் பிரித்து
அவள் வரியை அடித்தேன்.
அப்போதுதான் பார்த்தேன்:
என் பெயருக்குக் கீழே கடைசி வரியில்
எழுபத்தொரு கிலோ,
மருந்து அளவு காலி.
சாண்டிலேயின் கோணல் கையெழுத்து.
அழிக்க ரப்பர் தேடினேன், கிடைக்கவில்லை.
அதற்குமேல் தேடவும் இல்லை.

நாளைக்குப் புட்டி யூசுப் வீட்டுக்குப் போகவேண்டும்.
நோட்டில் எனக்கு இன்னும் ஏழு.